நர்சிங் படிக்கப் போகிறீர்களா? பிளஸ் டூவிலிருந்து பதிவு எண் வரை, அதற்கு மேலும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பொண்ணை நர்சிங் சேர்க்கலாம்னு இருக்கோம், எந்தக் காலேஜ் நல்லது?" காலேஜுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்தப் படிப்பு என்பதுதான். நர்சிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, மூன்று வருடம் இருக்கிறது, நான்கு வருடம் இருக்கிறது, நர்சிங் கவுன்சிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆறு மாதத்தில் சர்டிபிகேட் அடித்துக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் போடுவது ஒரே மாதிரி யூனிபார்ம்தான். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் எய்ம்ஸில் நர்சிங் ஆபீசர், இன்னொருவர் அதே தெரு கிளினிக்கில் அதே சம்பளம், இன்னொருவர் "உன் சர்டிபிகேட் செல்லாது" என்று கேட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். மூன்று பேரும் உழைப்பில் குறைந்தவர்கள் இல்லை. சேரும்போது யாரும் விவரமாக எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இதைக் கடைசியிலிருந்து முன்னால் யோசிக்க வேண்டும். எங்கே போய் நிற்க ஆசை, அதற்கு எந்தப் பதிவு வேண்டும், அந்தப் பதிவுக்கு எந்தப் படிப்பு, அந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரி. இந்த வரிசையில் போனால் பெரும்பாலான தவறுகள் நடக்காது. தமிழ்நாட்டில் படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: பதிவு என்றால் என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

பட்டமோ டிப்ளமோவோ கையில் வந்துவிட்டால் நீங்கள் செவிலியர் ஆகிவிட மாட்டீர்கள். மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறி, பதிவு எண் வந்த பிறகுதான் சட்டப்படி செவிலியர். நம் மாநிலத்துக்கு அது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 1926-ஆம் வருடச் சட்டத்தில் பிறந்த அமைப்பு, அலுவலகம் சென்னை சாந்தோம் பக்கம் இருக்கிறது. நாடு முழுக்கப் பாடத்திட்டமும் தரமும் வகுப்பது இந்திய நர்சிங் கவுன்சில், 1947 சட்டத்தின்படி. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது, அதனால் வரும் வருடங்களில் சேர்க்கை முறை, பதிவேடு போன்றவற்றில் மாற்றம் வரலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.என்.எம். என்ற மூன்று வருட டிப்ளமோ முடித்தவருக்கும் பி.எஸ்சி. நர்சிங் என்ற நான்கு வருடப் பட்டம் முடித்தவருக்கும் கிடைப்பது ஒரே பதிவுதான்: பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு செவிலியர். ஆர்.என்.ஆர்.எம். என்று பெயருக்குப் பின்னால் போடுகிறார்களே, அது இதுதான். ஏ.என்.எம். என்ற இரண்டு வருடப் படிப்பு முடித்தவருக்கும் பதிவு உண்டு, ஆனால் அது தனிப் பிரிவு, துணைச் செவிலியர் என்ற பிரிவு.

"நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்", "பேஷண்ட் கேர்", "ஃபர்ஸ்ட் எய்ட் அண்ட் நர்சிங்" என்று டவுன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு வைத்து ஒரு வருடப் படிப்பு நடத்துகிறார்களே, அவற்றுக்கு இந்தப் பதிவு எதுவும் கிடையாது. அந்த வேலைக்கும் தேவை இருக்கிறது, அதைச் செய்கிறவர்கள் மரியாதைக்குரியவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று நம்பவைத்துப் பணம் வாங்குவது அநியாயம். அந்தப் படிப்பிலிருந்து பி.எஸ்சி.க்கோ ஜி.என்.எம்.முக்கோ குறுக்கு வழி கிடையாது, மறுபடி முதல் வருடத்திலிருந்துதான். சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யலாமா?" பதிலைச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மூன்று வழிகள், எது யாருக்கு

ஏ.என்.எம். இரண்டு வருடம். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான அடிப்படை இதுதான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி, குடும்ப நலம் என்று துணை சுகாதார நிலையத்தை மையமாக வைத்த வேலை. அந்த வேலைதான் பிடிக்கும், சொந்த மாவட்டத்தில் மக்களோடு இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு இது நல்ல வழி. பெரிய ஆஸ்பத்திரி, வெளிநாடு, மேல்படிப்பு என்று கனவு இருந்தால் இது வேண்டாம். ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம். சேரலாம், ஆனால் வருடம் எதுவும் கழியாது. இரண்டும் மூன்றும் ஐந்து வருடம் ஆகிவிடும், அதற்குள் இன்னொருவர் பட்டம் வாங்கி வேலையிலேயே சேர்ந்திருப்பார்.

ஜி.என்.எம்., அதாவது செவிலியர் பட்டயப் படிப்பு, இப்போது மூன்று வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் 40 சதவீதம், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், அறிவியல் பாடம் இருந்தால் முன்னுரிமை. தமிழக அரசு நர்சிங் பள்ளிகளில் சேர அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் என்ன பாடம் கேட்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள், அங்கே கவுன்சில் விதியைவிட இறுக்கமாக இருக்கும்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், 2021-லிருந்து செமஸ்டர் முறை, எட்டு செமஸ்டர். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் கட்டாயம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

எது நல்லது என்று கேட்டால், வசதியும் மதிப்பெண்ணும் இடம் கொடுத்தால் பி.எஸ்சி.தான். ஜி.என்.எம். முடித்தவர்கள் வேலையில் குறைந்தவர்கள் என்பதால் அல்ல. வார்டில் சிக்கலான நேரத்தில் நிதானமாக நின்று வேலை பார்த்த எத்தனையோ மூத்த சிஸ்டர்கள் டிப்ளமோ முடித்தவர்கள்தான். பிரச்சினை கதவுகளில் இருக்கிறது. எம்.எஸ்சி. சேர டிகிரி வேண்டும். ஆஸ்திரேலியா டிப்ளமோவைத் தங்கள் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. எய்ம்ஸ் தேர்வில் பி.எஸ்சி. முடித்தவர் உடனே எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவர் 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவத்தோடுதான் எழுத முடியும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, டிப்ளமோவை வைத்துக்கொண்டு போராட வேண்டியிருக்கும். நான்காவது வருடம் ஒன்றைக் கூடுதலாகப் படித்தால் இவ்வளவு கதவும் திறந்தே இருக்கும்.

அதே சமயம், தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கி பி.எஸ்சி. படிப்பதா, அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தால் ஜி.என்.எம். படிப்பதா என்று கேட்டால், நான் அரசுப் பள்ளி என்றுதான் சொல்வேன். அரசு தலைமை மருத்துவமனையில் பார்க்கக் கிடைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும் பல தனியார் கல்லூரிகளால் கனவில்கூடக் கொடுக்க முடியாது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்துவிடலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கும் விஷயம்

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்போ காமர்ஸோ எடுத்துவிட்டு, பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் என்று வருகிறவர்கள் நிறைய. பயாலஜி இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்த தங்கையோ தம்பியோ வீட்டில் இருந்தால், நர்சிங் என்ற எண்ணம் லேசாக இருந்தாலும் பயாலஜி உள்ள குரூப் எடுக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து ரேங்க் போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. பாராமெடிக்கல் விண்ணப்பம் என்று வருமே, அதற்குள்தான் பி.எஸ்சி. நர்சிங்கும் வரும். டிப்ளமோ நர்சிங்குக்கு விண்ணப்பம் தனி. இரண்டையும் போடுங்கள். "டிகிரிக்குப் போட்டாச்சு, அது போதும்" என்று விட்டுவிட்டு, டிகிரியில் அரசு இடம் கிடைக்காமல், டிப்ளமோ தேதியும் போய், கடைசியில் புரோக்கர் காட்டிய கல்லூரியில் சேர்ந்தவர்கள் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இடம் குறைவு, கட் ஆஃப் மிக உயரம். தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடமும் இதே கலந்தாய்வில்தான் வரும்.

கலந்தாய்வுக்கு வெளியே சில நல்ல வாசல்கள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. அங்கே 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கி, 1946-ல் பட்டப்படிப்பு வந்துவிட்டது, நாட்டிலேயே முதன்முதலில் நர்சிங் பட்டம் கொடுத்த இடங்களில் ஒன்று. புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். எய்ம்ஸ் கல்லூரிகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ராணுவ நர்சிங் சேவையும் நீட் வழியாகத்தான், திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். புனே, பெங்களூரு, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா ஆகிய ஆறு கல்லூரிகளிலும் சேர்த்து 220 இடங்கள். படிப்புச் செலவு அரசுடையது, முடித்ததும் லெப்டினன்ட் அந்தஸ்தில் வேலை, பதிலுக்கு ஒப்பந்தப்படி சேவை செய்ய வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். நீட் எழுதி எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் மனம் உடைந்து போகிற பெண்களிடம் யாராவது இதைச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கல்லூரியைச் சோதிப்பது எப்படி

இங்கே அவசரப்படாதீர்கள். வெப்சைட்டில் உள்ள படங்கள், ஏசி வகுப்பறை, "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" எல்லாம் ஓரமாக இருக்கட்டும். மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அங்கீகாரம். மாநில அரசு அனுமதி, மாநில கவுன்சில் அங்கீகாரம், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு, இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்த வருடத்துக்கான பெயர். "அந்த வருடத்துக்கான" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். வெளி மாநிலத்தில் சேருகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கவுன்சில் பட்டியலில் இல்லாத வெளி மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்து பதிவு செய்யவும் வெளிநாடு போகவும் அல்லாடியவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள், கவுன்சில் இணையதளத்தில் நீங்களே பெயரைத் தேடிப் பாருங்கள்.

இரண்டு, ஆஸ்பத்திரி. நர்சிங் கைத்தொழில், நோயாளி இல்லாமல் கற்க முடியாது. பி.எஸ்சி. கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்று விதி. பேப்பரில் எல்லாரிடமும் 100 இருக்கும். நேரில் போய்ப் பாருங்கள், சேர்க்கைக்குப் போகும் நாளில் பத்து நிமிடம் அந்த ஆஸ்பத்திரிக்குள் நடந்து பாருங்கள். கட்டில்களில் ஆள் இருக்கிறதா? பிரசவ வார்டில் குழந்தை அழும் சத்தம் கேட்கிறதா? இல்லை, வெளிப்புற நோயாளிகள் பத்துப் பேரோடு முடிந்துவிடுகிறதா?

மூன்று, அங்கே படிக்கும் மூன்றாம் வருட, நான்காம் வருட மாணவர்கள். பயிற்சிக்காக வார்டு வார்டாக அனுப்புவதைப் போஸ்டிங் என்பார்கள், அங்கே செய்த வேலைகளை எழுதி வைப்பது கேஸ் புக். இரண்டையும் பற்றிக் கேண்டீனிலோ வாசலிலோ நிறுத்திக் கேளுங்கள். "என்ன போஸ்டிங் போயிருக்கீங்க? கேஸ் புக்கில் உள்ள பிரசவம் எல்லாம் நீங்களே கையால எடுத்ததா, இல்ல பக்கத்துல நின்னு பார்த்ததா? ஐ.சி.யூ.வுல உள்ளே விடுறாங்களா?" நல்ல கல்லூரி என்றால் அந்தப் பெண் முகம் மலர்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அப்படி இல்லையென்றால் சுற்றும் முற்றும் பார்ப்பாள். கேஸ் புக்கை ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்துக் கையெழுத்து வாங்கும் இடத்தில் நான்கு வருடம் படித்து வருகிறவர், முதல் நைட் டியூட்டியில் தனியாக நிற்கும்போது கை நடுங்கித்தான் போவார், அவருக்கு முன்னால் படுத்திருக்கும் நோயாளியின் நிலை அதைவிட மோசம்.

இன்னொன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்களா? முடித்தபின் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு இருக்கிறதா? அசலைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை.

ஐந்தாம் படி: பணம்

கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஹாஸ்டல், யூனிபார்ம், போஸ்டிங் போக வண்டிக் காசு, பரீட்சைக் கட்டணம், வெளி ஆஸ்பத்திரிக்கு மனநலப் போஸ்டிங், சமூக நலப் போஸ்டிங் போகும்போது தங்கும் செலவு எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பட்டயப் படிப்புக்கும் இது உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை நீங்கள் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் வங்கி மேனேஜர் வாயால் "முடியாது" என்று சொல்லி அனுப்ப முடியாது, பதில் பதிவாகும்.

தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் இன்னும் வேதனையான அளவில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு 2016-ல், 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமம் என்று பரிந்துரைத்தது. நம் ஊர்களில் அது நடக்கவில்லை. அதனால் பத்து லட்சம் கடன் வாங்கி வேலைக்குப் போனதும் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கட்ட முடியாது. அந்தக் கடன்தான் பின்னால் மேல்படிப்பையும் தேர்வு முயற்சியையும் விட்டுவிட்டுக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள வைக்கிறது.

ஆறாம் படி: படிக்கும் வருடங்களில்

பரீட்சைக்குப் படிப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பழக்கம் மட்டும் முதல் வருடத்திலேயே வரட்டும்.

முதலாவது, மருந்துக் கணக்கு. 1,000 மி.லி. நார்மல் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? ஆயிரத்தை இருபதால் பெருக்கினால் 20,000. எட்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது 42 துளி. இதை யோசிக்காமல் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். பிரிட்டனுக்குப் போக எழுதும் கணினித் தேர்வின் முதல் பகுதி முழுக்க இந்த மாதிரிக் கணக்குதான், நம் ஊர்த் தேர்வுகளிலும் தவறாமல் வரும். அதைவிட முக்கியம், குழந்தைகள் வார்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

இரண்டாவது, ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பயப்பட வேண்டாம், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். கேஸ் ஷீட்டைத் தினமும் சத்தமாகப் படியுங்கள், நர்சஸ் நோட்ஸை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள், ஷிஃப்ட் முடிந்து அடுத்தவரிடம் ஹேண்டோவர் கொடுக்கும்போது வாயைத் திறந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். நான்கு வருடம் அப்படிச் செய்தவருக்குப் பின்னால் வெளிநாடு போக எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வின் கோச்சிங்கில் கொட்டும் பணம் பாதியாகக் குறையும்.

ஏழாம் படி: பதிவு செய்வதும் பெயர்ப் பிரச்சினையும்

ரிசல்ட் வந்ததும் தள்ளிப் போடாமல் மாநில கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வி நேரங்கள் காட்ட வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு ஐந்து வருடத்துக்கு 150 மணி நேரம். கருத்தரங்கு, பயிற்சி எதற்குப் போனாலும் சான்றிதழை வாங்கி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வேறு மாநிலத்தில் வேலை என்றால் அந்த மாநிலக் கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற வேண்டும்.

அப்புறம் இனிஷியல். தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பல்கலைக்கழகச் சான்றிதழில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் சரிபார்க்கும் நிறுவனம் இது நான்கு வேறு ஆட்கள் என்று நிறுத்திவிடும், பிரமாணப் பத்திரம், கெசட் என்று மாதக் கணக்கில் அலைய நேரும். கல்லூரியில் சேரும் அன்றே எல்லா இடத்திலும் பெயர் ஒரே மாதிரி, எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுவதாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: முதல் இரண்டு வருட வேலை

முதல் வேலையில் சம்பளத்தைவிட வார்டைப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் அதிகம் என்று சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்து அங்கேயே எல்லா வேலையும் செய்வதைவிட, பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ., அவசர சிகிச்சை, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு இவற்றில் ஒன்றில் இரண்டு வருடம் நிற்பது பிற்காலத்துக்கு ஆயிரம் மடங்கு உதவும். என்.ஏ.பி.எச். தரச்சான்று உள்ள ஆஸ்பத்திரி என்றால் ஆவணம் எழுதும் பழக்கமும் சேர்ந்து வரும். விலகும்போது அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, முழுநேரமா, மொத்தப் படுக்கை எத்தனை என்பதெல்லாம் இருக்க வேண்டும். "நன்னடத்தையோடு பணியாற்றினார்" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒன்பதாம் படி: அரசு வேலை

தமிழக அரசில் செவிலியர் தேர்வு 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. வழியாக நடக்கிறது. ஜி.என்.எம்., பி.எஸ்சி. இருவரும் எழுதலாம். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். முதலில் தொகுப்பூதியத்தில் எடுத்து, காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு மாற்றுகிறார்கள், அந்தக் காத்திருப்பு நீளமானது. இதை எதிர்த்துச் செவிலியர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள், அவர்கள் கேட்டது நியாயம். துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரச் சேவையாளர் பணி மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக ஒப்பந்த அடிப்படையில் வருகிறது, செய்தித்தாளையும் மாவட்ட இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மத்திய அரசுப் பக்கம் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு, 2020-லிருந்து. முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வி, அதில் 80 நர்சிங், 20 பொது அறிவும் திறனறிவும். தவறான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். அடிப்படைச் சம்பளம் 44,900, படிகள் தனி. ரயில்வே, இ.எஸ்.ஐ. பணிகளும் இதே ஊதிய நிலைதான். எய்ம்ஸில் 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. அதனால் நர்சிங் படிக்கும் தம்பிகள் இன்னும் தீவிரமாகத் தயாராக வேண்டும். வட மாநிலத்துக்குப் போக வீட்டில் தயங்குவார்கள், மொழி தெரியாதே என்பார்கள். ராஜஸ்தான், கேரளப் பிள்ளைகள் நாடு முழுக்கப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், நம் பிள்ளைகள் ஏன் போகக் கூடாது?

பத்தாம் படி: மேலே படிப்பது

ஜி.என்.எம். முடித்தவர்களுக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., இரண்டு வருடம், கல்லூரிக்குப் போய்ப் படிப்பது. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் படிப்பு, இரண்டு வருட அனுபவமும் நுழைவுத் தேர்வும் வேண்டும். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் தொலைநிலைப் பட்டத்தை அந்த நாடு ஏற்குமா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்.

ஒரு வருட ஸ்பெஷாலிட்டி டிப்ளமோக்கள் இருக்கின்றன: தீவிர சிகிச்சை, இருதயம், புற்றுநோய், பச்சிளங்குழந்தை என்று. வார்டிலேயே இருந்து வேலையில் தேர்ச்சி பெற விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எம்.எஸ்சி. இரண்டு வருடம். பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் கேட்கிறார்கள். மருத்துவ அறுவை, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என்று ஐந்து பிரிவு. பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசை உள்ளவர்கள் எடுக்க வேண்டிய படிப்பு இது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று எடுப்பவர்களைப் பார்க்கிறேன். அனுபவமே இல்லாமல் எம்.எஸ்சி. முடித்துப் பாடம் நடத்தப் போவது அவர்களுக்கும் மாணவர்களுக்கும் கஷ்டம், இரண்டு மூன்று வருடம் வார்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட ரெசிடென்சிப் படிப்பும் இருக்கிறது. அருமையான படிப்பு, ஆனால் அந்தப் பெயரில் பணியிடங்கள் நம் நாட்டில் இன்னும் குறைவு. சேரும் ஆஸ்பத்திரியிடமே முடித்தபின் என்ன பதவி என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

படிக்காமலும் மேலே போகலாம். தொற்றுத் தடுப்புச் செவிலியர், தரக் கட்டுப்பாடு, வார்டு இன்சார்ஜ், அங்கிருந்து கண்காணிப்பாளர் என்று ஒரு பாதை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பொறுப்புகளை விரும்பிக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்டவர்களுக்குக் கிடைக்கிறது.

பதினொன்றாம் படி: வெளிநாடு

வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும், டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும். பிரிட்டனுக்கு முதலில் ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7, எழுத்தில் 6.5. ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். பிறகு இங்கேயே கணினித் தேர்வு, அங்கே போனதும் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. ஜி.என்.எம். முடித்தவர்களும் போகலாம். ஆனால் 2024-லிருந்து அங்கே வெளிநாட்டுச் செவிலியர்களை எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது, கணினித் தேர்வு பாஸ் செய்துவிட்டு ஆஃபருக்குக் காத்திருப்பவர்கள் நிறைய. கோச்சிங் சென்டர்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு, 2023-லிருந்து புதிய வடிவம், 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். பாஸ் செய்வது ஒரு கட்டம், இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பல வருடம் நீளமானது, அது வேறு கட்டம். ஜெர்மனிக்கு மொழிதான் எல்லாம்: ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்துக் கிளம்பினாலும் முழு அங்கீகாரத்துக்கு அதற்கு அடுத்த பி2 நிலை வேண்டும். ஒரு வருடமாவது தினமும் உட்கார்ந்து படிக்கும் பொறுமை இருந்தால் போங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் பட்டம் அவசியம் என்று முன்பே சொன்னேன்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரே விதியை நினைவில் வையுங்கள். மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் உங்களிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு செவிலியரிடமும் 19.5 லட்சம் வாங்கியதாக 2015-ல் கொச்சியில் சி.பி.ஐ. வழக்கே பதிவு செய்தது. அந்த வருடம்தான் வளைகுடா செல்லும் செவிலியர்களுக்கு இ-மைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளம் வழியான குடிபெயர்வு அனுமதி கட்டாயமானது. தமிழ்நாடு அரசே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது, செவிலியர் பணிகளுக்கு அவ்வப்போது அறிவிப்பும் மொழிப் பயிற்சியும் வருகின்றன. யாரிடமாவது பணம் கட்டுவதற்கு முன்னால் முதலில் அங்கே பதிவு செய்து வையுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள், பணம் எதுவாக இருந்தாலும் வங்கி வழியாக, ரசீதோடு மட்டும் கொடுங்கள்.